கருப்பைச் சீழும் குளம்புப் புண்ணும்: கடலூர், புதுச்சேரி மாட்டுக்காரர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாகூர், நெட்டப்பாக்கம், குறிஞ்சிப்பாடி, பண்ருட்டிப் பக்கத்துப் பால் மாட்டுக்காரர்கள் கேட்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். கொடி (நஞ்சுக்கொடி) விழவில்லை, சீழ் வருகிறது, சினை நிற்கவில்லை, மாடு நொண்டுகிறது என்று தனித்தனியாகத்தான் கேட்பார்கள். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலானவை ஒரே இடத்தில் போய் நிற்கும்: கன்று போடுவதற்கு முந்தைய மூன்று வாரம், போட்டபின் மூன்று வாரம். ஊசிக்குச் செலவழிக்கும் பணத்தை அந்த ஆறு வாரத் தீவனத்தில் போடுவதுதான் லாபம் என்பது என் உறுதியான கருத்து.

டாக்டர் “ஆக்சிஜனேற்ற அழுத்தம்” என்றார். அது என்ன நோய்?

தனி நோய் என்று சொல்ல முடியாது, அது உடம்பின் ஒரு நிலை. தின்ற தீனியை மாடு சக்தியாக மாற்றும்போது ஒவ்வொரு செல்லிலும் வீரியம் மிகுந்த ஆக்சிஜன் துணுக்குகள் உண்டாகின்றன. கிருமியைக் கொல்ல வெள்ளையணுக்களும் இவற்றைத்தான் பயன்படுத்துகின்றன, ஆகவே ஓரளவு வேண்டியவைதான். அளவு மிஞ்சினால் செல்லின் சவ்வையும் புரதத்தையும் அரித்துவிடும்.

அவற்றை அடக்கி வைக்க உடம்பில் காவல் உண்டு. வைட்டமின் இ செல் சவ்விலேயே உட்கார்ந்து காக்கிறது. குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் என்ற நொதி வேலை செய்ய செலினியம் வேண்டும். சூப்பர் ஆக்சைடு டிஸ்மியூட்டேஸ் என்ற இன்னொரு நொதிக்குச் செம்பு, துத்தநாகம், மாங்கனீசு வேண்டும். கன்று போடும் நாட்களில் மாடு தீனி குறைவாக எடுக்கிறது. ஆனால் பால் சுரக்கத் தொடங்கிவிடுகிறது, உடம்புக் கொழுப்பு கரைகிறது, வைட்டமின் இ சீம்பாலோடு வெளியே போகிறது. துணுக்குகள் பெருகி காவல் குறையும் அந்த நிலையைத்தான் டாக்டர் சொல்லியிருக்கிறார்.

கருப்பைக்கும் குளம்புக்கும் என்ன சம்பந்தம்?

கொடி தானாக “அறுந்து” விழுவதில்லை. கன்று வெளியே வந்ததும் மாட்டின் வெள்ளையணுக்கள் கொடியை இனி தேவையில்லாத பொருளாக அடையாளம் கண்டு, கருப்பைச் சுவரிலிருந்து பிரித்துவிட வேண்டும். அவை மந்தமாக இருந்தால் கொடி தங்கிவிடும். கன்று போட்ட முதல் இரண்டு வாரத்தில் ஏறக்குறைய எல்லா மாட்டின் கருப்பைக்குள்ளும் கிருமி போகத்தான் செய்யும், நல்ல நிலையில் உள்ள மாடு அதைத் தானே வெளியேற்றிவிடும். வெள்ளையணு மந்தமான மாட்டில் அது சீழாகிறது.

குளம்புக்குள் எலும்புக்கும் அடித்தோலுக்கும் நடுவே கொழுப்பாலான மெத்தை ஒன்று இருக்கிறது. கன்று போட்டபின் மாடு இளைத்தால் இந்த மெத்தையும் மெலியும். பிரசவத்துக்காகத் தளரும் தசைநார்கள் குளம்புக்குள்ளும் தளர்கின்றன. எலும்பு கீழே இறங்கி, குளம்பை வளர்க்கும் உயிருள்ள சதையை நசுக்குகிறது. குளம்பின் கெட்டியான மேலோடான கொம்புப் பொருள் புதிதாக வளர்ந்து அடிவரை வர இரண்டு மாதம் போல ஆகும். அதனால் கன்று போட்ட நேரத்தில் பட்ட அடி, இரண்டு மூன்று மாதம் கழித்து அடிக்குளம்புப் புண்ணாகத் தெரியும். “நேத்து வரைக்கும் நல்லாத்தான் நடந்தது” என்று சொல்கிறார்களே, காரணம் இதுதான்.

ஒன்று இன்னொன்றை இழுத்துக்கொண்டும் வரும். கருப்பை அழுகலிலிருந்து ரத்தத்தில் கலக்கும் நச்சு குளம்புச் சதையை வீங்கவைக்கும். நொண்டுகிற மாடு தீனித்தொட்டிக்குப் போக மனமில்லாமல் படுத்தே கிடக்கும், பருவத்துக்கு வந்தாலும் வெளிக்காட்டாது.

நம்ம பக்கத்து மாடுகளுக்கு இது ஏன் அதிகமாகத் தெரிகிறது?

மூன்று காரணம் சொல்வேன். முதலாவது வைக்கோல். கறவை நின்ற சினை மாட்டுக்கு வைக்கோலும் கழனித்தண்ணீரும் போதும் என்று விட்டுவிடுகிறோம். பசும்புல்லின் உலர்பொருளில் கிலோவுக்கு 80 முதல் 200 யூனிட் வைட்டமின் இ இருக்கிறது. வெயிலில் காய்ந்த வைக்கோலில் அது மிகவும் குறைவு. காவல் அதிகமாகத் தேவைப்படும் நேரத்தில்தான் அதைக் குறைக்கிறோம்.

இரண்டாவது கடற்கரைப் புழுக்கம். இங்கே வெயில் மட்டும் பிரச்சினை இல்லை, காற்றில் ஈரம் இருப்பதால் மாட்டின் வேர்வை காய்வதில்லை, சித்திரை வைகாசியில் ராத்திரியும் தணிவதில்லை. வெப்பமே ஆக்சிஜன் துணுக்குகளைப் பெருக்கும். ஹோல்ஸ்டீன் கலப்பு அதிகம் உள்ள மாடு ஜெர்சிக் கலப்பைவிட இதில் கூடுதலாகத் துன்பப்படும்.

மூன்றாவது ஐப்பசி கார்த்திகை மழை. 2024 நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் புதுச்சேரியை ஒட்டிக் கரை கடந்ததும், அதன் பின் தென்பெண்ணையில் வந்த வெள்ளமும் நினைவிருக்கும். நாள்கணக்கில் சேற்றில் நின்ற குளம்பு ஊறி மென்மையாகிவிடும், கல் குத்தினால் கிருமி உள்ளே போய்விடும். நனைந்த வைக்கோலும் கடலைப் புண்ணாக்கும் பூஞ்சை பிடித்தால் அந்த நச்சு ஈரலைத் தாக்கி, ஆக்சிஜனேற்ற அழுத்தத்தையும் கூட்டும். பூஞ்சை நாற்றம் அடிக்கும் புண்ணாக்கை வெயிலில் காயவைத்தாலும் நச்சு போகாது. கறவை மாட்டுக்கும் சினை மாட்டுக்கும் அதை வைக்காதீர்கள்.

கொடி விழ எவ்வளவு நேரம் காத்திருக்கலாம்? கையால் எடுத்துவிடலாமா?

பெரும்பாலும் 8 மணி நேரத்துக்குள் விழும். 12 மணி நேரம் தாண்டினால் தங்கிவிட்டதாகக் கொண்டு டாக்டருக்குச் சொல்லுங்கள்.

இழுக்காதீர்கள். செங்கல்லைக் கட்டித் தொங்கவிடாதீர்கள். கையை விட்டுப் பிய்த்தால் கருப்பையின் உள்தோல் கிழிந்து, கிழிந்த இடம் வழியாகக் கிருமி ரத்தத்துக்குப் போகும். தொங்குகிற பகுதி சாணியில் புரண்டால், அதை மட்டும் முழங்கால் மட்டத்துக்கு மேலே சுத்தமான கத்திரியால் வெட்டிவிடலாம். காய்ச்சல் இல்லாமல் மாடு நன்றாகத் தின்றுகொண்டிருந்தால், கொடி சில நாளில் தானாகவே அழுகிப் பிரிந்து விழும். அதுவரை தினமும் காலை மாலை ஜுரம் பார்க்க வேண்டும், அது முக்கியம்.

ஒரு எச்சரிக்கை. சினை கலைந்த மாட்டிலோ, மாதம் முடியுமுன் ஈன்ற மாட்டிலோ கொடி தங்கினால் புரூசெல்லா நோயாக இருக்கலாம். அது மனிதருக்கும் தொற்றும். கையுறை இல்லாமல் தொட வேண்டாம், பச்சைப் பாலைக் குடிக்க வேண்டாம். கொடியை வைக்கோலில் சுற்றி ஆலமரத்தில் கட்டும் வழக்கம் நம் ஊர்களில் உண்டு. மாட்டின் மேல் உள்ள பாசத்தில் செய்வது அது. ஆனால் இப்படிப்பட்ட மாட்டின் கொடியை நாய் எட்டாத ஆழத்தில் சுண்ணாம்பு போட்டுப் புதைப்பதே சரி. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் புரூசெல்லா தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

முள்ளங்கி, வெண்டைக்காய் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். மரபுவழி மருத்துவத்தில் கன்று போட்ட 2 மணி நேரத்துக்குள் ஒரு முழு முள்ளங்கியும், 8 மணி நேரம் ஆகியும் கொடி விழாவிட்டால் ஒன்றரைக் கிலோ வெண்டைக்காயை வெல்லம், உப்புடன் சேர்த்தும் கொடுக்கச் சொல்கிறார்கள். மாட்டுக்குக் கெடுதல் இல்லை. ஜுரம் வந்தபின் இதை மட்டும் நம்பி இரண்டு நாள் கடத்துவதுதான் கெடுதல்.

எது சாதாரண அழுக்கு, எது சீழ்?

வாலைத் தூக்கி, அறையின் (பிறப்புறுப்பின்) கீழ் மூலையையும் வாலின் உட்புறத்தையும் பாருங்கள். முதல் இரண்டு வாரம் செம்பழுப்பாகவோ சாக்லேட் நிறத்திலோ கொழகொழப்பாக, துர்நாற்றம் இல்லாமல் வந்தால் கருப்பை தன்னைச் சுத்தம் செய்கிறது என்று அர்த்தம். தண்ணீர் மாதிரி செம்பழுப்பாக, கொட்டகைக்குள் நுழையும்போதே அழுகல் நாற்றம் அடித்து, ஜுரம் 103 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல் இருந்து, மாடு சோர்ந்து பாலும் குறைந்தால் அது கடும் கருப்பை அழற்சி. இது முதல் பத்து நாளில்தான் அதிகம் வரும். அன்றைக்கே டாக்டர் வர வேண்டும், காலை வரை காத்திருப்பதில் அர்த்தமில்லை.

மூன்று வாரம் கழித்தும் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ சீழ் வந்தால், ஜுரம் இல்லாவிட்டாலும் உட்சுவர் அழற்சி இருக்கிறது. படுத்து எழும் இடத்தில் தரையில் ஒட்டியிருக்கும் கறை அதைக் காட்டிக்கொடுக்கும்.

சிகிச்சை என்ன? கருப்பையைக் கழுவச் சொல்லலாமா?

ஜுரத்தோடு வரும் அழற்சிக்கு, உடம்பு முழுவதும் போய்ச் சேரும் ஆன்டிபயாட்டிக் ஊசிதான் முதல் மருந்து. செஃப்டியோஃபர், பெனிசிலின், ஆக்சிடெட்ராசைக்ளின் வகைகளில் எதைப் போடுவது, எத்தனை நாள் என்பதை டாக்டர் முடிவு செய்வார். கூடவே வலி, வீக்கம் குறைக்கும் மெலாக்சிகம், நீர் வற்றியிருந்தால் குளுக்கோஸ், கால்சியம். ஜுரம் இறங்கியதும் நீங்களாக ஊசியை நிறுத்திவிடாதீர்கள்.

கழுவுதல் பற்றிச் சொல்கிறேன். ஜுரத்தோடு இருக்கும் கருப்பைச் சுவர் ஊறிய காகிதம் போல இருக்கும். அதற்குள் குழாய் விட்டு மருந்துத் தண்ணீரை ஏற்றினால் ஓட்டை விழும் ஆபத்து உண்டு. காட்டமான அயோடின் கரைசல் உள்தோலையே எரித்துவிடும். “கழுவிவிடுங்கள் டாக்டர்” என்று நீங்கள் அழுத்தம் கொடுக்காதீர்கள்.

ஜுரமில்லாத பழைய சீழுக்கு புரோஸ்டாகிளாண்டின் ஊசி பயன்படும். அது மாட்டைப் பருவத்துக்குக் கொண்டுவந்து, கருப்பை வாயைத் திறந்து, சீழைத் தள்ளவைக்கும். மாடு சினை இல்லை என்று உறுதி செய்தபின்தான் போட வேண்டும், சினை மாடானால் கலைந்துவிடும். வீட்டில் கர்ப்பிணிகளும் ஆஸ்துமா உள்ளவர்களும் இந்த மருந்தைத் தொடவே கூடாது.

சீழ் நின்றுவிட்டது. ஆனாலும் ஊசி போட்டுப் போட்டுச் சினை நிற்கவில்லையே?

பருவத்தில் வரும் வழும்பைப் பாருங்கள். கண்ணாடி போலத் தெளிவாக இருக்க வேண்டும். வெள்ளைத் துணுக்கு மிதந்தால் அந்தப் பருவத்தில் சினை ஊசி போடாமல் டாக்டரிடம் காட்டுங்கள்.

மாடு நொண்டுகிறது. எந்த நோய் என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் நடையைப் பாருங்கள். சிமெண்ட் தரையில் நிற்கும்போது முதுகு நேராக இருந்து, நடக்கும்போது மட்டும் வில் போல வளைந்தால் ஆரம்ப நிலை. அப்போதே கவனித்தால் செலவு கம்மி. நிற்கும்போதும் முதுகு வளைந்திருந்தால் வலி முற்றியிருக்கிறது.

அப்புறம் குளம்பைத் தூக்கிப் பார்க்க வேண்டும். பெரும்பாலும் பின்காலின் வெளிப்பக்கக் குளம்பில்தான் கோளாறு இருக்கும். மாட்டைக் கொட்டகையில் கட்டி, கணுவுக்கு மேலே பருத்திக் கயிற்றைச் சுற்றி, உத்திரத்தில் போட்டு மெதுவாகத் தூக்குங்கள். தண்ணீர் ஊற்றித் தேய்த்து, இடுக்கில் காய்ந்த சாணியைத் துணியால் வழித்து எடுங்கள். இப்போது கட்டை விரலால் அடிக்குளம்பை அங்குலம் அங்குலமாக அழுத்துங்கள். மாடு காலை வெடுக்கென்று இழுக்கிற இடம்தான் நோவு. அந்த இடத்தில் கொம்பு சிவந்தோ கறுத்தோ, குதிகாலை ஒட்டி ஓட்டை விழுந்தோ இருந்தால் அடிக்குளம்புப் புண்.

குளம்புக்கு மேலே இரு பக்கமும் ஒரே சீராக வீங்கி, இடுக்குத் தோல் வெடித்து, அழுகிய நாற்றம் வந்தால் குளம்பு அழுகல். குதிகால் பக்கம் சிவந்த புண், தொட்டால் ரத்தம் கசிந்தால் விரல் தோல் அழற்சி. ஒரே சமயத்தில் பல கால் நொண்டி, வாயில் கொப்புளமும் எச்சிலும் ஜுரமும் இருந்தால் கோமாரி. மாட்டைத் தனியே கட்டிவிட்டு மருந்தகத்துக்கு உடனே தெரிவியுங்கள். கோமாரிக்கு அரசு ஆண்டுக்கு இரண்டு முறை இலவசமாகத் தடுப்பூசி போடுகிறது. நிறைமாதம் என்று பயந்து ஒதுக்கிய மாட்டுக்குக் கன்று போட்டபின் மறக்காமல் கேட்டுப் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் ஆன்டிபயாட்டிக் போட்டால் சரியாகிவிடாதா?

ஆகாது. குளம்பு அழுகலுக்கு ஊசி வேண்டும், சீக்கிரம் கேட்கும். விரல் தோல் அழற்சிக்கு மேல்பூச்சாக ஆக்சிடெட்ராசைக்ளின் போதும். அடிக்குளம்புப் புண் கிருமியால் வருவதில்லை, எலும்பு நசுக்குவதால் வருகிறது. சுற்றியுள்ள தளர்ந்த கொம்பைச் சீவி எடுத்து, பக்கத்து நல்ல குளம்பில் மரக்கட்டை ஒட்டி, நோவுள்ள குளம்பு தரையில் படாமல் செய்து, வலி மருந்து கொடுத்தால்தான் ஆறும். இந்த மாட்டுக்கு ஊசி மேல் ஊசி போடுவதைப் பார்க்கும்போது மனது கஷ்டமாக இருக்கிறது. பணம் போகிறது, மாட்டின் வலி அப்படியே இருக்கிறது.

வலி மருந்தில் ஒரு விஷயம். மாட்டுக்கு டைக்ளோஃபெனாக் 2006லிருந்தும், கீட்டோபுரோஃபென், அசிக்ளோஃபெனாக் 2023லிருந்தும் இந்தியாவில் தடை. அந்த மருந்துள்ள பிணத்தைத் தின்ற கழுகுகள் செத்ததால் வந்த தடை இது. மெலாக்சிகம் கேளுங்கள்.

புண்ணில் புழு வைத்துவிட்டால் புழுவை எடுத்துவிட்டு, வேப்பிலை, குப்பைமேனி, பூண்டு, மஞ்சளைத் தேங்காய் எண்ணெயில் காய்ச்சிப் பூசலாம். ஈ அண்டாது.

மயில்துத்தக் குளியல் எப்படிக் கொடுப்பது?

100 லிட்டர் தண்ணீருக்கு 5 கிலோ மயில்துத்தம் (காப்பர் சல்பேட்). இரண்டு மாடு வைத்திருப்பவர் 10 லிட்டர் தண்ணீரில் அரைக் கிலோ கரைத்து, அகலமான தொட்டியில் ஒவ்வொரு காலாக நிற்கவைக்கலாம். முதலில் சாணியைக் கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மருந்து சாணியோடு முறிந்துவிடும். மழைக் காலத்தில் வாரம் ஓரிரு முறை போதும். ஆட்டுக்கும் மீனுக்கும் இது விஷம், மிச்சத் தண்ணீரை ஏரியிலோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். இது தொற்று நோய்களைத் தடுக்கத்தான், அடிக்குளம்புப் புண்ணுக்கு உதவாது.

குளம்பு சீவுவது அவசியமா?

கட்டுத்தறியிலேயே நிற்கும் மாட்டுக்கு அவசியம். குளம்பு மாதம் சுமார் 5 மில்லிமீட்டர் வளரும், நடந்தால்தான் தேயும். ஆண்டுக்கு இரண்டு முறை, அதில் ஒன்று கறவை நிறுத்தும்போது சீவினால் நல்லது. தெரிந்தவர் சீவட்டும்.

சோறு, கஞ்சி, பலாச்சுளை கொடுத்தால் குளம்பு கெடுமா?

கெடும். அரிசிச் சோறும் கஞ்சியும் இரைப்பையில் வேகமாகப் புளித்து அமிலமாகும். அந்தப் புளிப்பிலிருந்து வரும் நச்சு குளம்புச் சதையை வீங்கவைக்கும். ரேஷன் அரிசியைத் தினமும் வேகவைத்துக் கொட்டுவதை நிறுத்துங்கள். பண்ருட்டிப் பக்கம் பலா சீசனில் மிஞ்சிய சுளையை அள்ளி வைத்து, மாடு வயிறு உப்பிப் படுத்துவிடுகிறது. மாட்டுப் பொங்கலன்று ஒரு கைப்பிடி பொங்கல் ஊட்டி வணங்குங்கள், பானையோடு வைக்க வேண்டாம். கன்று போட்டபின் அடர்தீவனத்தையும் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாகத்தான் ஏற்ற வேண்டும்.

வைட்டமின் இ, செலினியம் ஊசி எல்லா மாட்டுக்கும் போட்டுவிடலாமா?

இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். பற்றாக்குறை உள்ள மாட்டுக்கு, கன்று போட இரண்டு மூன்று வாரம் முன்பு டாக்டர் போட்டால் கொடி தங்குவது குறையும். நோய் வந்தபின் போடுவது ஆன்டிபயாட்டிக்குக்கும் குளம்புச் சிகிச்சைக்கும் துணை மட்டுமே, அந்த இடத்தை அது பிடிக்காது. ஏற்கெனவே நல்ல பசுந்தீவனம் தின்கிற மாட்டில் பெரிய வித்தியாசம் தெரியாமலும் போகலாம்.

கூடினால் ஆபத்து. 2010இல் வெளியான நெதர்லாந்து ஆய்வு ஒன்றில், கறவை நின்ற மாடுகளுக்கு நாளுக்கு 3000 யூனிட் வைட்டமின் இ கொடுத்தபோது மடிநோய் அதிகமானது. செலினியத்துக்குத் தேவைக்கும் நச்சுக்கும் இடைவெளி குறுகலானது. பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷகர் பக்கம் மண்ணில் செலினியம் மிகுந்த இடங்களில் மாட்டின் குளம்பே வெடித்துக் கழன்று விழுகிறது. குளம்புக்காகப் போட்ட மருந்து குளம்பைக் கெடுத்துவிடக் கூடாது. கடையில் வாங்கி நீங்களே போடாதீர்கள். தாது உப்பிலும் டானிக்கிலும் செலினியம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

அப்படியென்றால் தீவனத்தில் என்ன செய்வது?

சினை மாட்டுக்கு, குறிப்பாகக் கடைசி இரண்டு மாதம், தினமும் 20 கிலோவாவது பசுந்தீவனம். கோ 4, கோ 5 புல்லோடு வேலிமசால், அகத்தி, முருங்கைத் தழையும் கொஞ்சம் சேருங்கள். நெல்லிக்குப்பம் பக்கம் கரும்பு வெட்டு நேரத்தில் கொழுந்தாடை கிடைக்கும், அதோடும் பயறுவகைத் தழை சேர வேண்டும். தாது உப்புக் கலவை நாளுக்கு 30 முதல் 50 கிராம், கறவை நின்ற மாட்டுக்கும்தான். பால் தரவில்லை என்று அதை நிறுத்துவது பெரிய தவறு. குளம்பின் கொம்பு உறுதியாகத் துத்தநாகமும் வேண்டும், பயோட்டின் என்ற வைட்டமின் கொடுத்தால் பலன் தெரியப் பல மாதம் ஆகும்.

கொட்டகையில் நிழலும், எந்நேரமும் எட்டும் தண்ணீரும் வேண்டும். இந்தப் புழுக்கத்தில் பனிபோலத் தூவும் குழாய் ஈரத்தைத்தான் கூட்டும். மாட்டின் மேல் நன்றாகத் தண்ணீர் ஊற்றி, மேலே மின்விசிறி ஓடவிடுங்கள்.

சிகிச்சை நடக்கும்போது சொசைட்டிக்குப் பால் ஊற்றலாமா?

எந்த ஊசிக்கு எத்தனை நாள் பாலை ஒதுக்க வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, கொட்டகைச் சுவரிலேயே தேதி எழுதிவையுங்கள். காய்ச்சினாலும் ஆன்டிபயாட்டிக் முழுவதும் போகாது. அந்தப் பாலைக் குழந்தைகளுக்குக் கொடுப்பதும் வேண்டாம்.

உதவிக்கு யாரைக் கூப்பிடுவது?

தமிழ்நாட்டில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்திக்கு 1962 என்ற எண்ணைக் கூப்பிடுங்கள். புதுச்சேரிப் பக்கம் குரும்பாப்பேட்டில் ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சிக்கலான மாட்டை அங்கே காட்டலாம். கடலூரில் கால்நடைப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி ஆராய்ச்சி மையமும் விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையமும் தீவனம் பற்றிச் சொல்லித் தருவார்கள்.

போன ஈற்றில் கொடி தங்கியது. இந்த ஈற்றிலும் வருமா?

வர வாய்ப்பு கூடுதல். அதனால் இப்போதே தொடங்குங்கள். சினை ஊசி போட்ட தேதியிலிருந்து 280 நாள் எண்ணி, இரண்டு மாதம் முன்பு கறவையை நிறுத்துங்கள். அப்போதே குளம்பு சீவிவிடுங்கள். மாடு கொழுத்தும் போகக் கூடாது, விலா எலும்பு துருத்தவும் கூடாது. மூன்று வாரம் முன்பு டாக்டரைக் கூப்பிட்டு, போன ஈற்றின் கதையைச் சொல்லி, வைட்டமின் இ, செலினியம் தேவையா என்று கேளுங்கள். கன்று போட்ட நேரத்தைக் குறித்துவைத்து, முதல் பத்து நாள் காலையும் மாலையும் ஜுரம் பாருங்கள். ஆசனவாயில் வைக்கும் தெர்மாமீட்டரின் வெளிமுனையில் ஒரு நூல் கட்டி, நூலின் மறுமுனையை வால் முடியில் கிளிப் போட்டுவிட்டால் உள்ளே போய்விடும் என்ற பயம் இருக்காது.